முகத்தை விடுங்கள், கணக்கைப் பிடியுங்கள்: ஆன்லைன் காதல் மோசடியை எதிர்க்கும் வழிகள்

ஆன்லைனில் பழகியவர்மேல் சந்தேகம் வந்ததும் பெரும்பாலோர் முதலில் அவரிடமே கேட்டுவிடுகிறார்கள். "நீங்க உண்மையிலேயே இருக்கீங்களா, இல்ல எல்லாம் பொய்யா?" என்று ஒரு செய்தி போகிறது. அதைப் படித்த சில நிமிடங்களில் எதிர்முனையில் உரையாடல் அழிக்கப்படுகிறது, புரொஃபைல் காணாமல் போகிறது, நீங்கள் அனுப்பிய பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுகிறது. அதனால் முதல் படி, வாயைத் திறக்காமல் இருப்பது. "இன்னைக்கு வேலை அதிகம், ராத்திரி பேசறேன்" என்று வழக்கமான ஒரு வரியை அனுப்பிவிட்டு, கிடைக்கும் சில மணி நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

பணம் போயிருந்தால் முதலில் வங்கி, அடுத்து சான்றுகள், அதன்பின் புகார், கடைசியில் பிளாக். இந்த வரிசை முக்கியம். கோபத்தில் முதலில் பிளாக் செய்துவிட்டால் பிறகு புகார் எழுத உட்காரும்போது கையில் ஒரு பெயர் மட்டுமே இருக்கும். அதுவும் பொய்ப் பெயர்.

அவர்களுக்கு எது வலிக்கும்?

காதல் மோசடிக் கும்பலுக்குப் புகைப்படம் இலவசம், யாரோ ஒருவருடைய பக்கத்திலிருந்து திருடியது. புதிய புரொஃபைல் தொடங்கச் சில நிமிடம் போதும். காலை வணக்கத்திலிருந்து கல்யாணப் பேச்சு வரை என்ன எழுத வேண்டும் என்பதும் தயாராக இருக்கும், ஒரே ஆள் பல பேரிடம் அதையே ஒட்டிக்கொண்டிருப்பார். ஆகவே நீங்கள் ஒரு புரொஃபைலை மூடவைத்தால் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை.

பணம் வாங்கும் வங்கிக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அதைத் திறக்க உண்மையான ஒருவரின் அடையாள ஆவணம் வேண்டும். அதற்காகக் கும்பல்கள் ஆள் பிடிக்கின்றன, கமிஷன் தருகின்றன, சில நேரம் ஏமாற்றப்பட்ட இன்னொருவரின் கணக்கையே பயன்படுத்துகின்றன. மியூல் கணக்கு, வாடகைக் கணக்கு என்று இதைச் சொல்வார்கள். ஒரு வாடகைக் கணக்கு முடங்கினால் அதில் கிடக்கும் மற்றவர்களின் பணமும் அங்கேயே நிற்கும், அந்தக் கணக்கின் சொந்தக்காரரைத் தேடிக் காவல்துறையும் போக முடியும். திருப்பி அடிப்பதென்றால் அடிக்க வேண்டிய இடம் இதுதான். இனி சொல்லப்போகும் ஒவ்வொன்றையும் "இது ஒரு கணக்கு எண்ணையோ கிரிப்டோ என்ற மின்நாணயத்தை வாங்கும் வாலட் முகவரியையோ வெளிச்சத்துக்குக் கொண்டுவருமா?" என்ற கேள்வியோடு செய்யுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எதிர்முனையில் தட்டச்சு செய்பவர் சிறைவைக்கப்பட்டவராகக்கூட இருக்கலாம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் ஆன்லைன் மோசடி வேலையில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கக்கூடும் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. வேலைக்கென்று அழைத்துப் போய் கடவுச்சீட்டைப் பறித்து உட்காரவைக்கப்பட்டவர்கள் அவர்கள். நீங்கள் அவரைத் திட்டித் தீர்ப்பதால் மேலே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

சந்தேகத்தைச் சோதிப்பது

புகைப்படத்தை வைத்துத் தேடுவதிலிருந்து தொடங்கலாம். கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் தேடுங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு முடிவு தரும். முழுப் படத்தைத் தேடிய பிறகு முகத்தை மட்டும் வெட்டித் தேடுங்கள். கிடைக்கவில்லையா? படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். தேடலில் சிக்காமலிருக்கப் படத்தை கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிப் போடுவது அவர்களின் பழைய வழக்கம். பின்னணியில் உள்ள பெயர்ப்பலகை எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் அப்போதே புரிந்துவிடும். படம் எங்கும் கிடைக்கவில்லை என்பது அவர் உண்மையானவர் என்பதற்குச் சான்றாகாது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகம் பெரும்பாலும் தேடலில் சிக்காது.

வீடியோ அழைப்பில் முகம் தெரிந்தது என்று நிம்மதி அடைய வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பிலேயே முகத்தை மாற்றிக்காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. முகத்தின் குறுக்கே கையை ஆட்டச் சொல்வது, முழுப் பக்கவாட்டில் திரும்பச் சொல்வது, எழுந்து வெளியே நடந்துபோய்ப் பின்பக்க கேமராவை மாற்றிக் காட்டச் சொல்வது ஆகியவற்றை முன்னறிவிப்பின்றிக் கேளுங்கள். மறுத்தாலோ அழைப்பு "தானாக" அறுந்தாலோ அது சேதி சொல்கிறது. எல்லாவற்றையும் செய்து காட்டினாலும் அதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த மென்பொருள் மாதத்துக்கு மாதம் மேம்பட்டுக்கொண்டிருக்கிறது.

உறுதியான சோதனை பணம்தான். நேரில் ஒருமுறைகூடச் சந்திக்காதவர் மருத்துவமனைக் கட்டணம், சுங்கத்தில் சிக்கிய பார்சல், விமான டிக்கெட், முடக்கப்பட்ட சம்பளம் என்று எந்தக் காரணத்துக்காகப் பணம் கேட்டாலும் அதோடு சோதனை முடிந்தது. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, விடுமுறை கிடைக்க நீங்கள் கட்டணம் கட்ட வேண்டும் என்று வரும் கதை முழுப் பொய். எந்த ராணுவமும் வீரரின் விடுப்புக்காக வெளியாரிடம் பணம் வசூலிப்பதில்லை.

முதலீட்டு வகை மோசடியில் அவர் பணமே கேட்க மாட்டார், அதனால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். தான் கிரிப்டோவில் சம்பாதிப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்வார், உங்களுக்கும் "கற்றுக்கொடுப்பார்", அவர் காட்டும் தளத்தில் நீங்களே பணம் போடுவீர்கள். ஆரம்பத்தில் சிறு தொகையை எடுக்கவும் விடுவார்கள், நம்பிக்கை வளர அது அவர்கள் போடும் தூண்டில். அந்தத் தளத்தின் முகவரியை இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் பதிவுத் தேடலில் போட்டுப் பாருங்கள். பத்து ஆண்டு அனுபவம் என்று சொல்லும் நிறுவனத்தின் முகவரி மூன்று மாதத்துக்கு முன் பதிவானதாக இருக்கும். உங்கள் நாட்டின் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பின் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். பிறகு, இருப்பு முழுவதையும் எடுக்க முயலுங்கள். "வரி கட்டினால்தான் விடுவிப்போம்", "சரிபார்ப்புக் கட்டணம் அனுப்புங்கள்" என்று பதில் வந்தால் திரையில் தெரியும் தொகை வெறும் எண். உண்மையான நிறுவனம் தன் கட்டணத்தை உங்கள் இருப்பிலிருந்தே கழித்துக்கொள்ளும்.

பணம் போயிருந்தால்

வங்கியை அழைக்கும் எண்ணை உங்கள் கார்டின் பின்புறத்திலிருந்தோ வங்கியின் செயலியிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடி எடுக்காதீர்கள், போலி உதவி எண்கள் அங்கே காத்திருக்கின்றன. மோசடிப் பிரிவை இணைக்கச் சொல்லி, இந்தப் பொருளில் பேசுங்கள்: "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்தத் தொகையை நானே அனுப்பினேன். ஏமாற்றி அனுப்பவைத்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. பெற்ற வங்கிக்கு உடனே தகவல் கொடுத்துத் தொகையை நிறுத்திவைக்கவும், திரும்பப் பெறும் கோரிக்கையைப் பதிவு செய்யவும் வேண்டும்." புகார் எண், பேசியவர் பெயர், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்கப்பட்டு "எனக்குத் தெரியாமல் பணம் போய்விட்டது" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். நீங்கள் ரகசிய எண்ணைப் போட்ட பதிவு வங்கியிடம் இருக்கும். ஒரு பொய் தெரிந்துவிட்டால் உங்கள் மற்ற உண்மைகளும் மதிப்பிழக்கும், கோரிக்கையும் தள்ளுபடியாகலாம்.

வெளிநாட்டுக்கு ஸ்விஃப்ட் என்ற வங்கிகளுக்கிடையிலான செய்தி வலைப்பின்னல் வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பரிமாற்றத்தின் யூஇடிஆர் என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 36 இடக் குறியீட்டை உங்கள் வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். பணம் இப்போது எந்த வங்கியில் நிற்கிறது என்பதை அதை வைத்துத்தான் தேட முடியும். முதல் 72 மணி நேரத்துக்குள் தகவல் போனால் நிறுத்தும் வாய்ப்பு கணிசமாகக் கூடும், அதன்பின் வேகமாகக் குறையும். பிரிட்டனில் உள்நாட்டுப் பரிமாற்றம் என்றால் 2024 அக்டோபர் 7 முதல் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா என்று வங்கியிடமே எழுத்தில் கேளுங்கள்.

கிரெடிட் அல்லது டெபிட் கார்டில் கட்டியிருந்தால், கார்டு கொடுத்த வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் கோருங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைப் படம்பிடித்து அனுப்பியிருந்தால் கார்டையும் ரசீதையும் தூக்கி எறிய வேண்டாம். கார்டு வெளியிட்ட நிறுவனத்தை அழைத்து எண்ணைச் சொல்லி முடக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மோசடிக்காரர்கள் சில நிமிடங்களிலேயே அந்தத் தொகையைச் செலவழித்துவிடுவார்கள், இருந்தும் சில நேரம் மிச்சம் இருக்கும். பணம் அனுப்பும் நிறுவனங்கள் வழியாகப் போயிருந்தால், எதிர்முனையில் வாங்கிக்கொள்வதற்கு முன் ரத்து செய்ய முடியும்.

கிரிப்டோ என்றால் மூன்று விவரம் வேண்டும்: நீங்கள் அனுப்பிய வாலட் முகவரி, எந்த நெட்வொர்க் (டிரான், எத்தீரியம் போன்றவை), பரிமாற்ற ஹாஷ் என்ற 64 எழுத்து எண் கலந்த நீளமான குறியீடு. டிரான் முகவரி 34 எழுத்து, எத்தீரியம் முகவரி 42 எழுத்து. கையால் எழுதாமல் நகலெடுத்து ஒட்டுங்கள், ஓர் எழுத்து மாறினாலும் தேட முடியாது. நீங்கள் கிரிப்டோ வாங்கிய எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது அதை வாங்கி விற்கும் தளத்துக்கு, உடனே புகார் அனுப்புங்கள். டாலர் மதிப்போடு இணைந்த யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தை அதை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் குறிப்பிட்ட முகவரியில் முடக்க முடியும், காவல்துறை கேட்டுச் செய்தும் இருக்கிறது. பிட்காயினுக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை. அதில் நம்பிக்கை ஒன்றுதான், பணம் போய்ச் சேரும் எக்ஸ்சேஞ்ச். டிரான்ஸ்கேன், ஈத்தர்ஸ்கேன் போன்ற பொதுத் தளங்களில் ஹாஷைப் போட்டால் பணம் எந்த முகவரிக்கு நகர்ந்தது என்று யாரும் பார்க்கலாம். அந்தப் பாதையைப் படமெடுத்துப் புகாரில் இணையுங்கள், விசாரணை அதிகாரிக்கு அது பாதி வேலை.

தொலைவிலிருந்தே உங்கள் கருவியை இயக்கவிடும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலியை அவர் சொல்லி நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்து, செயலியை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள், மற்ற எல்லாவற்றையும் திறக்கும் சாவி அதுதான்.

உங்கள் கணக்குக்கு அவர் "ஒரு நண்பரின் பணம்" என்று ஏதாவது அனுப்பி, மேலே அனுப்பச் சொன்னாரா? அனுப்பாதீர்கள், அவர் சொல்லும் கணக்குக்குத் திருப்பியும் அனுப்பாதீர்கள். உங்களை மியூல் ஆக்கியிருக்கிறார்கள். நீங்களாகவே வங்கியிடம் முதலில் சொல்வதும், பிறகு பிடிபடுவதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு.

சான்றுகளைச் சேர்ப்பது

டெலிகிராமில் எதிர்முனையில் இருப்பவர் நினைத்தால் உங்கள் பக்கத்து உரையாடலையும் சேர்த்து அழித்துவிட முடியும். டிண்டர் டேட்டிங் செயலியில் அவர் அன்மேட்ச் செய்தால், அதாவது தொடர்பை முறித்தால், மொத்தப் பேச்சும் மறைந்துவிடும். ஆகவே அவருக்குத் தெரியும் முன் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் உரையாடலைப் படங்களோடு ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. டெலிகிராமில் கணினிச் செயலியில் இருக்கிறது. டேட்டிங் செயலிகளில், புரொஃபைலில் தொடங்கி உரையாடலின் முதல் செய்தி வரை மெதுவாக நகர்த்தித் திரைப்பதிவு எடுங்கள். துண்டு ஸ்க்ரீன்ஷாட்டுகளைவிட அது நம்பகமானது, ஏனெனில் எந்தப் பேச்சு எந்தப் புரொஃபைலுடையது என்ற தொடர்பு அதில் அறுபடாது.

பெயரை மட்டும் குறிக்காதீர்கள், அது நாளைக்கே மாறும். புரொஃபைல் பக்கத்தின் முழு இணைய முகவரி, பயனர்பெயர், நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி எண், மின்னஞ்சலின் முழுத் தலைப்புப் பகுதி வேண்டும். ஜிமெயிலில் அசல் செய்தியைக் காட்டும் விருப்பத்தில் அந்தத் தலைப்புப் பகுதி கிடைக்கும். தொலைபேசி எண்ணின் நாட்டை வைத்து ஆள் எங்கே இருக்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம், இணையவழி எண்களை எந்த நாட்டிலிருந்தும் வாங்கலாம்.

அசல் கோப்புகளில் வட்டம் போடுவது, வெட்டுவது, பெயர் மாற்றுவது எதுவும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். பிறகு ஒரே ஒரு பக்கத்தில் தேதி, நேரம், தொகை, எந்தக் கணக்கிலிருந்து, யார் பெயரில் உள்ள எந்தக் கணக்குக்கு, அப்போது சொன்ன காரணம் என்று அட்டவணை போடுங்கள். 400 பக்க உரையாடலை எந்த அதிகாரியும் முதல் நாளில் படிக்க மாட்டார், இந்த ஒரு பக்கத்தைப் படிப்பார்.

எங்கெல்லாம் புகார்

காவல்துறை முதலில். இந்தியாவில் 1930, சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997, அமெரிக்காவில் எஃப்பிஐயின் ஐசி3 என்ற இணையக் குற்றப் புகார்த் தளம், ஆஸ்திரேலியாவில் ரிப்போர்ட்சைபர், கனடாவில் மோசடித் தடுப்பு மையம். "காதலித்து ஏமாந்தேன்" என்று புகாரைத் தொடங்கினால் அது தனிப்பட்ட தகராறாகப் படிக்கப்படும் ஆபத்து இருக்கிறது. "போலி அடையாளத்தைக் காட்டி இத்தனை பரிமாற்றங்களில் இவ்வளவு தொகை பெறப்பட்டது. பெற்ற கணக்குகள் இவை" என்று தொடங்குங்கள்.

அடுத்தது பெரும்பாலோர் விட்டுவிடும் படி. பணம் அனுப்பாமலே தப்பித்தவர்களிடம்தான் பெரும்பாலும் நல்ல ஆயுதம் இருக்கிறது, அவர் அனுப்பச் சொல்லிக் கொடுத்த கணக்கு எண். "நான் தப்பித்துவிட்டேன்" என்று அதை மூடிவைக்காதீர்கள். கணக்கு எந்த வங்கியினுடையதோ அந்த வங்கியின் மோசடிப் பிரிவுக்கு எண்ணையும், பணம் கேட்ட செய்தியின் படத்தையும் அனுப்புங்கள். வங்கி உங்களுக்கு விவரமாகப் பதில் சொல்லாது, இன்னொருவர் கணக்கைப் பற்றி உங்களிடம் பேச அதற்கு உரிமையில்லை. ஆனால் உள்ளே கண்காணிப்பு தொடங்கலாம். வாலட் முகவரி கிடைத்திருந்தால் மோசடி வாலட் முகவரிகளைத் திரட்டும் செயின்அப்யூஸ் தளத்தில் பதியுங்கள். போலி முதலீட்டுத் தளத்தை அதன் டொமைனை (இணைய முகவரியை) விற்ற நிறுவனத்தின் முறைகேட்டுப் புகார் முகவரிக்கும், கூகுளின் பாதுகாப்பு உலாவல் பிரிவுக்கும் சொல்லுங்கள். உலாவிகளில் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் அடுத்தவர் உள்ளே போகத் தயங்குவார்.

செயலிகளில் புகார் செய்வதற்கும் நேரம் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு தொடர்பை ரிப்போர்ட் செய்யும்போது அவர் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் மட்டுமே நிறுவனத்துக்குப் போகின்றன. அந்த ஐந்தும் "சாப்டியா", "தூங்கிட்டியா" என்றிருந்தால் பரிசீலிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பணம் கேட்ட செய்தியோ கணக்கு எண்ணோ வந்த உடனே ரிப்போர்ட் பொத்தானை அழுத்துங்கள். இதற்கும் முன்பே சான்றுகளை எடுத்திருக்க வேண்டும்.

எந்தப் பழிவாங்கல் கூடாது

பொழுதை வீணடித்து மோசடிக்காரரை அலைக்கழிப்பதை ஒரு பணியாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு, அதிலும் சமீபத்தில் ஏமாற்றப்பட்டவர்களுக்கு, அதைப் பரிந்துரைக்க மாட்டோம். உங்கள் பெயர், முகவரி, குடும்பப் படங்கள் எல்லாம் ஏற்கெனவே அவர்களிடம் உள்ளன. அன்பு காட்டிய அதே குரல் இன்னும் உங்கள்மேல் வேலை செய்யும் என்பதும் உண்மை. செய்தே தீருவேன் என்பவர்கள் தங்களை ஏமாற்றிய ஆளோடு செய்ய வேண்டாம். தனி மின்னஞ்சல், தனி எண், உங்களோடு தொடர்பில்லாத புரொஃபைல் வைத்து, கணக்கு எண் கைக்கு வந்ததும் புகார் கொடுத்துவிட்டு விலகுங்கள். அவர் அனுப்பும் இணைப்பைத் திறக்காதீர்கள், பார்சல் வாங்காதீர்கள், நேரில் போகவே போகாதீர்கள். அவர்கள் கணக்குக்குள் நுழைய முயல்வது உங்கள்மேல் வழக்காகத் திரும்பும்.

"இவன்தான் ஏமாற்றியவன்" என்று புகைப்படத்தைப் பொதுவெளியில் போடுவதையும் தவிருங்கள். அந்த முகத்துக்கு உரியவர் இந்த மோசடியின் இன்னொரு பலி. போட்டே ஆக வேண்டுமானால் முகத்தை மறைத்து, பயன்படுத்திய செய்தி வாசகங்களையும் எண்களையும் போடுங்கள். அடுத்தவர் தேடும்போது அந்த வாசகம்தான் கண்ணில் படும்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால்

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம் மறுபடி கேட்பார்கள், ஏனெனில் கொடுப்பவர் என்று தெரிந்துவிட்டது. மிரட்டலைப் படமெடுத்துவிட்டு, உங்கள் நண்பர் பட்டியலை மற்றவர் பார்க்காதபடி மறையுங்கள். ஸ்டாப்என்சிஐஐ தளத்தில் அந்தப் படத்தைப் பதிவேற்றாமலே, உங்கள் கருவியிலேயே அதன் எண்வடிவ ரேகையை உருவாக்கிப் பதியலாம். இணைந்திருக்கும் சமூக ஊடகங்கள் அந்த ரேகையோடு பொருந்தும் படத்தைத் தடுக்கும். படத்தில் இருப்பவர் 18 வயதுக்குட்பட்டவராக இருந்தபோது எடுத்தது என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை இருக்கிறது. சிறுவர்களிடம் ஒரு பெரியவர் உடனே சொல்ல வேண்டியது, "உன்மேல தப்பில்ல, நாம சேர்ந்து சரி பண்ணலாம்." இந்த மிரட்டலுக்குப் பயந்து உயிரை விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வீட்டில் ஒருவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தால்

"எப்படி இவ்வளவு ஏமாளியா இருக்கீங்க" என்ற ஒரு வாக்கியம் போதும், அவர் உங்களிடமிருந்து ஒளிக்கத் தொடங்குவார். மோசடிக்காரர் முன்பே சொல்லிவைத்திருப்பார்: "உன் வீட்டுக்காரர்களுக்கு நம் அன்பு பிடிக்காது." உங்கள் கோபம் அந்த வார்த்தையை உண்மையாக்கிவிடும். "அவர் பொய்" என்று வாதாடுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு உடன்பாடு கேளுங்கள்: அடுத்த 48 மணி நேரத்துக்குப் பணம் எதுவும் அனுப்பாமல் இருப்பது. பிறகு அவர் கையாலேயே புகைப்படத் தேடலைச் செய்யவையுங்கள். நீங்கள் தேடிக் காட்டினால் நீங்கள் சொல்வதாக இருக்கும், அவரே கண்டால் அவர் கண்டதாக இருக்கும். பல மாதம் தினமும் காலையும் இரவும் பேசிய ஒருவரை இழக்கிறார் என்பதை மறக்காதீர்கள். ஆள் பொய்யானாலும் அந்தத் துக்கம் பொய்யில்லை. காதல் காட்டி முதலீட்டில் ஏமாற்றும் மோசடிக்கு வழங்கும் "பன்றி வெட்டுதல்" என்ற பெயரைக் கைவிடும்படி 2024 டிசம்பரில் இன்டர்போல் கேட்டுக்கொண்டதற்கும் காரணம், அந்தச் சொல் ஏமாந்தவரைக் கூசவைத்து வாயடைக்கிறது என்பதே.

மறுபடி வரும் அழைப்பு

ஏமாந்தவர்களின் பட்டியல் கும்பல்களுக்குள் கைமாறுகிறது. சில வாரங்களில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஹேக்கர், வழக்கறிஞர், இன்டர்போல் அதிகாரி என்ற பெயர்களில் தொடர்புகொள்வார்கள். நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்வார்கள், எடுத்தவர்களுக்குத் தெரியாதா என்ன. இன்டர்போல் தனிநபர்களை அழைப்பதில்லை. ஐசி3 பெயரில் போலிகள் திரிவதாக எஃப்பிஐயே எச்சரித்திருக்கிறது. முன்பணம் கேட்டால் அது இரண்டாவது மோசடி.

பழைய ஆளும் வருவார், புதிய எண்ணிலிருந்து, மன்னிப்பு கேட்டு, "உன்னை உண்மையிலேயே நேசித்துவிட்டேன்" என்று. பதில் எழுத வேண்டாம். வந்த எண், நேரம், இந்த முறை அவர் கொடுக்கும் கணக்கு விவரம் மூன்றையும் அட்டவணையில் சேர்த்து, அதே புகார் எண்ணின் கீழ் விசாரணை அதிகாரிக்கும் வங்கிக்கும் அனுப்பிவிட்டு, அதன்பின் பிளாக் செய்யுங்கள்.